பள்ளிக்கூடத்துப் புதுக் கழிப்பறை

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது என் மகளின் முகத்தை அல்ல, அவளுடைய தண்ணீர் பாட்டிலை. பையின் பக்கவாட்டில் செருகியிருக்கும். ஒரு கையால் தூக்கிப் பார்ப்பேன். காலையில் நிரப்பிக் கொடுத்த கனம் அப்படியே இருக்கும். நெமிலிச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அவளுடைய அரசு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு. அங்கே பெண்பிள்ளைகளுக்கு இருந்த கழிப்பறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போய் வந்தவர்கள் மத்தியானச் சோறு சாப்பிட மாட்டார்கள். அதனால் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை.

இரண்டு முறை காய்ச்சல் வந்து, ஆவடியில் டாக்டரிடம் காட்டினேன். சிறுநீரில் தொற்று என்றார். இப்படியே விட்டால் திரும்பத் திரும்ப வரும், கிட்னிவரைக்கும் போய்விடும், பிள்ளையைத் தண்ணீர் குடிக்க வையுங்கள் என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். அன்றிலிருந்து பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கனமாக இருந்தால் திட்டுவேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு விளம்பர அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இரும்புப் பட்டறைகளுக்கு நடுவில் கண்ணாடி போட்ட கட்டடம், அதில் இரண்டாவது மாடி. கம்பெனிகளின் நல்ல மனதைத் தமிழில் நாலு வரியில் எழுதுவது என் வேலை. முன்பெல்லாம் சோப்பு வெள்ளையாக வெளுக்கும் என்று எழுதினால் போதும். இப்போது சோப்பு ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவும் வைக்க வேண்டும். லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செலவழிக்கிறார்கள். செலவழித்ததை ஊருக்குக் காட்டுவதற்குத் தனியாகச் செலவழிக்கிறார்கள். அந்த இரண்டாவது செலவில்தான் என் வீட்டு வாடகை ஓடுகிறது, அதனால் நான் குறை சொல்வதற்கில்லை. ஒரு பிஸ்கட் கம்பெனிக்காகப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எல்லோரும் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு குப்பை பொறுக்கினோம். பொறுக்கியதைவிட நாங்கள் போட்டுவிட்டு வந்த டீ கப் அதிகம். ரீலில் டீ கப் வரவில்லை.

கழிப்பறை கழுவும் திரவம் விற்கிற கம்பெனி ஒன்று எங்களிடம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக் கழிப்பறை கட்டிக் கொடுத்து, அதைப் படம் பிடித்துப் போட வேண்டும் என்றார்கள். பார்க்கச் சகிக்காதபடி ஒரு பள்ளி யாருக்காவது தெரியுமா என்று டீம் லீடர் கேட்டார். என்னைவிட வயதில் இளையவர், நல்ல பிள்ளை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் என் மகளின் பள்ளியைச் சொன்னேன். அன்று சாயங்காலம் ரயிலில் அண்ணனூர் ஷெட் தாண்டும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்பது நினைவிருக்கிறது. எப்படி இருந்தது என்பதுதான் இப்போது பிடிபடவில்லை.

முதல் நாள் படப்பிடிப்பு 'பிஃபோர்' எடுப்பதற்காக. அதாவது, கட்டுவதற்கு முன்னால் அந்த இடம் எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதற்கு ஆதாரம். வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், பள்ளிக்கூடத்தின் மானம் போய்விடக் கூடாது, வந்து கழுவிக் கொடுங்கள் என்று தலைமையாசிரியை முந்தின நாளே அம்மாக்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அலுவலகத்து ஆளாகக் கேமராவோடு வருகிறவள் என்பதால் என்னை மட்டும் விட்டுவிட்டார். நாங்கள் போய் இறங்கினால் கழிப்பறை பளிச்சென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசனை. சுவரின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வாசலில் ஒரு கோலம்கூட இருந்தது. கேமராமேன் கோலத்தைப் பார்த்தார், டீம் லீடரைப் பார்த்தார், டீம் லீடர் என்னைப் பார்த்தார்.

அந்த அம்மாக்களின் மனசு எனக்குத் தெரியாததா. என் வீட்டு ஷோகேஸிலும் பூப்போட்ட ஆறு கப் இருக்கிறது. நாங்கள் குடிப்பது கைப்பிடி உடைந்த டம்ளரில். விருந்தாளிக்கென்று ஒரு முகத்தை எடுத்து வைத்திருப்பதுதான் நம் பழக்கம். வீட்டு லட்சணத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் யார்தான் கைப்பிடி உடைந்ததை எடுத்துக் காட்டுவார்கள்.

கடைசியில் கால்வாய் ஓரத்திலிருந்து இரண்டு கூடை சேறு எடுத்துவரச் செய்தார்கள். காய்ந்த இலை, கிழிந்த சிமெண்ட் சாக்கு. கோலத்தின் மேல்தான் கொட்ட வேண்டியிருந்தது. சத்துணவு ஆயா சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தார். காலையில் முட்டி போட்டுத் தேய்த்தவர் அவர்தான்.

"இன்னாமா இது, கழுவி ஊத்திகினு இப்பதான் நிமிர்ந்தேன். கட்டித் தர வந்தவங்களா, கொட்ட வந்தவங்களா?"

அம்மாக்கள் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குறை சொல்லக் கூடாது, கழிப்பறையை நன்றாகவே கட்டினார்கள். சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள், பிள்ளைகளின் உயரத்துக்கு வாஷ்பேசின், மாடியில் தொட்டி, அதற்கு மோட்டார். கதவைவிட அகலமாகக் கம்பெனியின் பெயர்ப் பலகை. பலகைக்குக் கீழே வாசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செம்பருத்திச் செடி. திறப்பு விழாவில் குழாயைத் திறந்து கை கழுவிச் சிரிப்பதற்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று வரிசையாக நிற்கவைத்துப் பார்த்து, என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் பிள்ளை என்று தெரியாமல்தான். மூன்று முறை சிரிக்கச் சொன்னார்கள். மூன்று முறையும் ஒரே மாதிரி சிரித்தாள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரீலுக்கு வரி நான்தான் எழுதினேன். 'இனி அவள் தாகத்தோடு வீடு திரும்ப மாட்டாள்.' அது ஓடு ஓடென்று ஓடியது. கீழே வரிசையாக இதயங்கள், கும்பிட்ட கைகள். தேனியிலிருந்து என் சித்தியே அதை எனக்கு அனுப்பி, இந்தப் பாப்பா நம்ம பாப்பா சாடையில் இருக்கிறாள் பார் என்று எழுதியிருந்தார்.

அந்த வாரமும் பாட்டில் கனமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமும். கேட்டதற்கு, பூட்டியிருக்கிறது என்றாள். பழையதையும் இடித்துவிட்டதால் இப்போது அதுவும் இல்லை. மைதானத்துக்குப் பின்னால் முள் செடிகள் இருக்கிற பக்கம் சில பிள்ளைகள் போகிறார்களாம், இவள் போவதில்லையாம்.

அலுவலகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டுத் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நிதானமாகத்தான் சொன்னார். கழுவுவதற்கு ஆள் கிடையாது. எப்போதாவது வருகிற துப்புரவு அம்மாவுக்கும் இரண்டு பள்ளிக்கூடம். திறந்துவிட்டால் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கம்பெனிக்காரர்கள் திரும்பி வந்து படம் எடுப்பார்களாம். நன்றாக வைத்திருந்தால் அடுத்ததாகக் குடிதண்ணீர் மெஷின் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அழுக்காக்கி வெச்சா நம்மளப் பத்தி என்னம்மா நினைப்பாங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் வீட்டு ஷோகேஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. மோரைக் குடித்து முடித்தேன். நான் கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்தி, உங்கள் பாப்பா மட்டும் வேண்டுமானால் என்னிடம் வந்து சாவி வாங்கிக்கொள்ளட்டும் என்றார். வெளியே ஆயா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பூட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார். பேர் பெரிய பேர், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

சாவி விஷயத்தை அன்று மகளிடம் சொன்னேன். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான், பேச்சில் என் தேனி கொஞ்சமும் கிடையாது. "நான் மட்டும் சாவி வாங்கிகினு போனா மத்த பொண்ணுங்க இன்னா நெனப்பாங்க?" என்றாள்.

டீம் லீடரிடம் சொன்னேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் போலிருக்கிறதே அக்கா என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆள் போட ஏதாவது செய்ய முடியுமா என்று கம்பெனிக்கு மெயிலும் போட்டார். கட்டுவதற்கு ஒதுக்கிய பணம் கட்டுவதற்கு மட்டும்தான், கழுவுவது அதில் வராது என்று பதில் வந்தது. கழிப்பறை கழுவுகிற மருந்து விற்பவர்கள் அவர்கள். இதை நான் சொன்னபோது அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பாட்டில் இலேசாக இருந்தது. குலுக்கிப் பார்த்தேன், காலி. மறுநாளும் காலி. கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவளிடம் கேட்கவில்லை, கேட்டால் அந்தக் கனம் திரும்பி வந்துவிடுமோ என்று இருந்தது. திட்டுவதை நிறுத்தினேன். சில மாதம் கழித்து மறுபடியும் காய்ச்சல் வந்தபோது, தண்ணீர் குடிக்கிறாளா என்று டாக்டர் கேட்டார். நன்றாகக் குடிக்கிறாள், பாட்டில் காலியாகத்தான் வருகிறது என்றேன். அப்படியானால் வேறு ஏதோ கோளாறு இருக்கலாம் என்று ஸ்கேன் எழுதினார். மகள் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேனுக்குப் போவதற்கு முன்பே கம்பெனி இரண்டாம் முறை படம் எடுத்தது. நான் போகவில்லை, எடுத்து வந்ததை அலுவலகத்தில் பார்த்தேன். கழிப்பறை திறப்பு விழா அன்று இருந்த மாதிரியே இருந்தது. டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. பாருங்கள், புதுசு போலவே வைத்திருக்கிறோம் என்று தலைமையாசிரியை கேமராவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். கம்பெனிக்காரர்களுக்கும் ஏக சந்தோஷம். ஒரே ஒரு குறை, வாசலில் இருந்த செம்பருத்தி ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து பலகையில் பாதிப் பெயரை மறைத்துவிட்டது. அந்த வெயிலில் அப்படி ஒரு பச்சை. கிளைக்குக் கிளை பூ.

கேமராமேன் பொருள்களையெல்லாம் கட்டிவைத்த பிறகு, பள்ளி விடுகிற நேரத்தில் போனில் சும்மா எடுத்த ஒரு துண்டு இருந்தது. மணி அடிக்கிறது. பெண்பிள்ளைகள் பையோடு ஓடி வருகிறார்கள். நேரே கேட்டுக்குப் போகாமல் செம்பருத்தியிடம் வந்து, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பாட்டிலின் மூடியைத் திறந்து, வேரில் முழுத் தண்ணீரையும் கவிழ்க்கிறார்கள். ஸ்டிக்கர் பாதி உரிந்த எங்கள் வீட்டுப் பாட்டிலும் வந்தது. அவள் கடைசிச் சொட்டுவரை உதறிவிட்டு, மூடியை இறுக்கிப் பையில் செருகினாள். பின்னால் கதவில் பூட்டு தொங்கியது. படம் எடுத்து முடிந்ததும் பூட்டியிருக்கிறார்கள்.

டீம் லீடர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். என்ன அழகாகச் செடி வளர்க்கிறார்கள் பாருங்கள், இதைத்தான் ரீலாகப் போட வேண்டும், பூட்டு தெரியாமல் வெட்டிவிடலாம், நீங்கள் ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார். அவரிடம் சொன்னேன், அது செடி வளர்ப்பது இல்லை, அவர்கள் அன்றைக்குக் குடிக்காத தண்ணீர் என்று. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். வரியை வேறு யாரோ எழுதினார்கள். பசுமை என்று ஏதோ.

வீட்டுக்கு வந்தேன். பாட்டிலைத் தூக்கிப் பார்க்கவில்லை. செடிக்கு ஏன் ஊற்றுகிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"காலியா இருந்தா நீ திட்ட மாட்ட இல்ல."

எல்லோருமா ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரோட அம்மாவும் தூக்கித் தூக்கித்தானே பாக்குறாங்க" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று சமையலறையில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். பிறகு குக்கரை ஏற்றினேன். மறுநாள் காலையில் பாட்டிலில் பாதிதான் நிரப்பி வைத்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள்.

"இது செடிக்குப் பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டு, குடத்தைச் சாய்த்து, அவளே கழுத்துவரை நிரப்பிக்கொண்டு போனாள்.