கதவுகளில் நான் போட்ட கோடு

பக்கத்து வீட்டு டீச்சர், ஒரு சனத்தையே கொன்று தீர்த்த சரித்திரத்தைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “முதல்ல வீடுகள்ல அடையாளம் போட்டாங்க” என்றார். எனக்கு ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

ஐம்பதுகளில் பழவேற்காட்டில் காலரா. முஸ்லிம்கள் கிணற்றில் விஷம் கலந்ததாக எங்கள் குப்பத்தில் புரளி. கடைத்தெருவில் எல்லாரும் கலந்து குடியிருந்தார்கள். யார் வீடு எதுவென்று, வாசல் வாசலாக இறால் விற்கும் சிறுமி எனக்குத்தான் தெரியும். சித்தப்பா சுண்ணாம்பைக் கையில் கொடுத்தார்.

“அவங்க கதவுல மட்டும் கோடு போடு. சாயங்காலம் வெளியூர் ஆளுங்க தடியோட வராங்க.”

மூன்றாவது கதவில் போடும்போது, என் கூட்டாளி கதீஜாவின் அம்மா பார்த்துவிட்டார். காலராவுக்குக் காப்பு என்று நினைத்துக்கொண்டார்.

“பெருசா போடும்மா, புள்ளைங்க இருக்கிற ஊடு. நாஷ்டா துன்னியா?”

அதற்குப் பிறகு அந்தத் தெருவில், எங்கள் ஆட்களின் வீடுகளையும் சேர்த்து, ஒரு கதவு விடாமல் போட்டேன். வந்தவர்கள் குழம்பி நின்றார்கள். “எதுடி அவங்க ஊடு?” என்று சித்தப்பா அறைந்தார். “தெரியலை” என்றேன். கடைசிவரை அதையேதான் சொன்னேன். திரும்பிப் போய்விட்டார்கள்.

நாலு பேர் முன்னால் பேசாத நான், இதைப் பிள்ளைகளிடம் போய்ச் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: “மொதல் மூணு ஊட்டுக்கு ஏன் போட்டீங்க, ஆயா?”

“பெரியவங்க சொன்னாங்கன்னு போட்டேன்” என்றேன்.

டீச்சர் அதைப் பலகையில் எழுதினார்.