புது பாட்டிலின் அளவு

லாத்தாவுக்குக் காலையும் மாலையும் போடுகிற ஊசி மருந்து பால் மாதிரி கலங்கலாக இருக்கும். இன்சுலின் தனியாக இருந்தால் தெளிந்த தண்ணீர்தான். மீனிலிருந்து எடுக்கிற ஒரு புரதத்தை அதோடு சேர்த்தால், எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தாமாகவே பொடிப்பொடிப் படிகங்களாக அடுக்கிக்கொள்ளும். உடம்புக்குள் போனபின் மெல்லத்தான் கரையும் என்பதால் ஒரு ஊசி பாதி நாளைக்குத் தாங்கும். இதைச் சொன்னபோது லாத்தா சிரித்தாள்.

"ஓ.டி.யில பொறந்துட்டு மீனு திங்காத நாளே இல்ல. இப்ப ஊசியிலயும் அதேதானா?"

அக்காவை எங்கள் வீடுகளில் லாத்தா என்போம். அவள் கடலூர் ஓ.டி.யில், அதாவது துறைமுகத்தை ஒட்டிய ஓல்டு டவுனில் இருக்கிறாள். நான் சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். என் பிழைப்பும் இந்தச் சேர்க்கைதான். தெளிந்த இரண்டு பாலிமர் கரைசல்களைக் கலந்து, எப்போது கலங்குகின்றன, எப்போது கட்டி தட்டிக் கெடுகின்றன என்று பார்த்து எழுத வேண்டும். அதனால் அந்தப் பாட்டில் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும் என்று லாத்தாவின் வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். மச்சான் பல வருஷம் வளைகுடாவில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். ஊசி போடுவது அவர் பொறுப்பு.

அந்த மழைக்காலத்தில் லாத்தாவின் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்புறமும் ஏறியது. கால் விரலில் செருப்பு கடித்த கொப்புளம் ஆறாமலே கிடந்தது.

"டாக்டரு திரும்பியும் டோஸ ஜாஸ்தி பண்ணிட்டாரு தம்பி. அப்பவும் எறங்க மாட்டேங்குது" என்றார் மச்சான் போனில்.

"லாத்தா ஒங்களுக்குத் தெரியாம அல்வா திங்குதான்னு பாருங்க."

ஸ்பீக்கரில் லாத்தாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மற்ற நாளாக இருந்தால் எனக்கு நாலு வார்த்தை கிடைத்திருக்கும். அன்று, "காலு எரியுதுடா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன். குடிகாட்டு ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது வழக்கம்போல எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக மருந்து பாட்டிலைக் கேட்டேன். மச்சான் அதை உருட்டி உருட்டிப் பதமாகக் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. நடுவில் திரிதிரியாக மிதந்தது. இப்படி ஆன குழாய்களை ஆய்வுக்கூடத்தில் இரண்டாம் முறை பார்க்காமல் குப்பையில் போடுவோம்.

"இத எங்க வெச்சீங்க?"

"ஃப்ரீசர்ல. புயல் வருதுன்னு சொன்னாங்கல்ல, கடைய மூடிருவாங்கன்னு ஒரே தடவையா வாங்கி வெச்சேன். கரண்டு போனாலும் சில்லுனு இருக்கும்ல. ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுத்து வெளிய வெச்சா எளகிடும்."

அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். உறையும் தண்ணீர் படிகங்களை நெருக்கித் தள்ளும், ஒட்டினது ஒட்டினதுதான், பிறகு எத்தனை உருட்டினாலும் பிரியாது, மருந்துக்கு வீரியம் போய்விடும். "இத்தன நாளா வெறும் தண்ணிய குத்திக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பெரிய பெரிய டாக்டருக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே சந்தோஷம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பழைய பாட்டில்களையெல்லாம் தூக்கி எறிந்தேன். ஓ.டி.யில் கடைகள் மூடியிருந்தன. மறுநாள் காலை கடை திறந்ததும் நானே போய்ப் புதுசு வாங்கி வந்தேன். மச்சான் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"அளவு அதேதானே தம்பி?"

நான் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "டாக்டர் கடைசியா சொன்னதுதான் மச்சான். நாமளா எதையும் மாத்தக் கூடாது."

லாத்தா இடியாப்பம் கொஞ்சம் சாப்பிட்டாள். பசியில்லை என்று மிச்சத்தை மூடி வைத்தாள்.

ஆய்வுக்கூடத்தில் என் பாலிமர் பாட்டிலும் அன்று தீர்ந்திருந்தது. பழையதில் ஈரம் ஏறி வீரியம் குறைந்து, சில வாரங்களாக அளவைக் கூட்டிக் கூட்டித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். புதுசைத் திறந்தேன். புது பாட்டில் திறந்தால் பழைய அளவை மறந்துவிட வேண்டும், குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரத்தில் படிக்கிற பாடம் அது. கை தன்னால் குறைத்துதான் எடுத்தது.

அப்படியே நின்றுவிட்டேன். லாத்தாவின் டோஸும் செத்த மருந்துக்காக ஏற்றிய அளவுதான். அதையே நல்ல மருந்தில் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

லாத்தாவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. மச்சானின் நம்பருக்குப் போட்டேன், எடுத்தார்.

"பேங்க்ல இருக்கேன் தம்பி. கெளம்புறப்ப ஒங்க லாத்தா படுத்திருந்தா. ஒடம்பெல்லாம் வேர்க்குதுன்னா. ஃபேன போட்டுட்டு வந்தேன்."

"ஓடுங்க மச்சான். ஆம்புலன்ஸக் கூப்புடுங்க. முழிச்சிருந்தா மட்டும் சர்க்கரத் தண்ணி குடுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

சமையலறை வாசலில் விழுந்து கிடந்தாளாம். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கழித்துக் கண் திறந்தாள். உயிர் தங்கியது. ஆனால் வார்த்தைகளைத் தேடித் தேடித்தான் பேசுகிறாள். சில நாள் என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்கிறாள். கிண்டல் செய்கிறாளோ என்று முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஃப்ரீசர்ல வெச்சு நான்தான் கெடுத்துட்டேன் தம்பி. நீ போன் பண்ணலன்னா அவ மவுத்தாயிருப்பா." அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்த புது அளவை மச்சான் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். இருந்தாலும் தினமும் காலையில் எனக்குப் போன் வரும்.

"பாட்டில உருட்டிட்டேன் தம்பி. அளவ நீ ஒரு தடவ சொல்லிடு. நீ சொன்னாதான் எனக்குக் கை ஓடும்."

நான் சொல்கிறேன். அவர் ஊசி போட்டு முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன்.