எல்கடுவ மரவள்ளிக்கிழங்கும் ரோசலின் அக்காவின் அம்மியும்

என் கணவர் ரகுவுக்கு மீன் ஆகாது. பிடிக்காது என்பதல்ல, ஆகாது. ஒரு துணுக்கு வாயில் பட்டால் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். இந்த இலங்கையில் அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது லேசான காரியமா? "மரக்கறிச் சாப்பாடு" என்று பலகை போட்ட கடையிலும் சம்பலுக்குள் மாசி கிடக்கும். மாசி என்றால் காய்ந்து கட்டையாகிப்போன மீன். இடித்து வாசத்துக்குப் போடுவார்கள். கேட்டால், "அது மீனில்லையே, மாசிதானே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் போன ஐப்பசியில் மாத்தளை மலைப்பக்கம் எல்கடுவ போனோம். மழை தொடங்கி, தேயிலைத் தோட்டத்து வீடுகளின் பின்புறம் மரவள்ளியும் பூசணியும் சௌசௌவும் கொட்டிக் கிடக்கும் மாதம். அங்கே ரோசலின் அக்கா என்பவர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கிறார். இருவருக்கு ஒரு நாளைக்கு ஐயாயிரம் ரூபா, மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து. போனிலேயே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "மீனு, கருவாடு, மாசி ஒண்ணுமே போடமாட்டேங்க. மாதா மேல சத்தியம்" என்றார்.

காலை ஆறரைக்குக் கண்டியில் பஸ் ஏறினோம். மாத்தளைக்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து எல்கடுவ பஸ்ஸில் இன்னொரு மணித்தியாலத்துக்கும் மேலே. வளைவுகளில் ரகு கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சந்தியில் ரோசலின் அக்காவின் தம்பி குமார் ஓட்டோவோடு நின்றான். தோட்டப் பாதையில் நாலு கிலோமீற்றர், அறுநூறு ரூபா. பாதையா அது? பள்ளத்துக்குப் பள்ளம் தலை கூரையில் இடித்தது. "எறங்குறப்ப இன்னும் நல்லா இருக்கும் பாருங்க" என்று குமார் சிரித்தான்.

பகல் சமையலை அடுப்படியில் நின்றே பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல்தான். மரவள்ளியைத் தோலுரித்து, உப்பும் மஞ்சளும் போட்டு, சட்டியை மூடாமல் அவித்தார். பூசணிக்காயைத் தோலோடு வெட்டி, பூண்டும் கடுகும் சேர்த்துத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தார். வல்லாரையைப் பொடிப்பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளியோடு பிசைந்தார். கடைசியாகச் செத்தல்மிளகாய், வெங்காயம், உப்பு மூன்றையும் அம்மியில் அரைத்துக் கட்டச் சம்பல் செய்தார். எல்லாம் முக்கால் மணித்தியால வேலை. மாசி டப்பா பக்கம் அவர் கை போகவே இல்லை.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ரகு கிழங்கைச் சம்பலில் தொட்டு இரண்டு வாய் வைத்திருப்பார். இருமினார். கை கழுத்துக்குப் போனது. அந்தக் கை போகிற விதம் எனக்குத் தெரியும். பையிலிருந்த மாத்திரையை வாயில் திணிப்பதற்குள் உதடு தடித்துவிட்டது.

"மாசி போட்டீங்களா?" என்று கத்தினேன்.

"ஐயோ இல்லீங்க! நீங்கதானே பாத்துக்கிட்டு நின்னீங்க!"

ஆஸ்பத்திரிக்குப் போகக் குமார் ஓட்டோவை எடுத்தான். ரோசலின் அக்காவும் சம்பல் பட்ட கையோடு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்தேன். ரகுவின் மூச்சில் விசில் சத்தம் வந்தது. ஒரு வளைவில் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மி! காலையில எங்க வீட்டுக்காரருக்குக் கட்டிக் குடுக்க மாசி வச்சு அரைச்சேன். கழுவுனேங்க. நல்லாத்தான் கழுவுனேன்..."

கொத்துப்போட்ட கல்லின் குழிகளுக்குள் மாசி தங்கியிருந்திருக்கிறது. நான் வாய் திறப்பதற்குள் குமார் பிரேக் போட்டான். முன்னால் கொழுந்து லொறி சேற்றில் புதைந்து, பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ரகு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ரோசலின் அக்கா குதித்து இறங்கி மலையைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். "ஆளு சாகுதுடி, ஓடியாங்க!"

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். நனையாமலிருக்க இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்து லொறியின் சில்லுகளுக்கு அடியில் திணித்தார்கள். "தள்ளு, இன்னும் தள்ளு!" லொறி உறுமி, எங்கள் மேலெல்லாம் சேறடித்து, ஒருவழியாக ஓரத்தில் ஏறியது. இடைவெளியில் குமார் எப்படி நுழைந்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கி, ரகு தண்ணீர் கேட்டார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். பக்கத்தில் ரோசலின் அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றார். அரைத்த மிளகாய் இன்னும் கையில் காய்ந்து ஒட்டியிருந்தது.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் வந்தால் குடையும், அட்டைக்கடிக்கு உப்பும் கட்டாயம். மீன் ஆகாதவர்கள் "மாசி போட்டீங்களா" என்று கேட்டால் போதாது. அம்மி, உரல், அகப்பை எல்லாவற்றையும் கேளுங்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளாமல் வாயில் எதையும் வைக்காதீர்கள். நான் தெரிந்துகொள்ளவில்லை.

ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பைகளை எடுக்க மறுபடி மேலே போனோம். அக்கா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி யாருக்கும் ஆக்கிப் போடமாட்டேங்க" என்றார்.

ரகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பசிக்குது. மரவள்ளி இருக்கா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா?"

"பயந்துகிட்டே இருந்தா நான் எங்கதான் சாப்பிடுறது?" என்றார்.

அக்கா புதுச் சட்டியில் கிழங்கை அவித்தார். புதுத் துருவலகையால் தேங்காய் துருவினார். அரைக்கவே இல்லை, கடித்துக்கொள்ளப் பச்சைமிளகாயை முழுதாக வைத்தார். அம்மி பின்வாசலில் மழையில் கிடந்தது.

வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வண்டியை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டபடி குமார் உட்கார்ந்திருந்தான். பெற்றோல் வீணாகிறதே என்றேன்.

"அவரு சாப்பிட்டு முடியுற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சுங்க."

உள்ளே ரகு மென்று விழுங்கிய ஒவ்வொரு வாயையும் நாங்கள் இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டுக் கோப்பை காலியானது. "அக்கா, இன்னும் ரெண்டு துண்டு வைங்க" என்றார்.

ரோசலின் அக்கா வாசல் பக்கம் திரும்பி, "குமாரு, அணைச்சிறாதடா!" என்று கத்திவிட்டுத்தான் அகப்பையைத் தூக்கினார்.