நான் பகிரச் சொன்ன ஆய்வு

கல்முனையில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். "பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். இணையத்தில் ஆய்வுக் குழுக்களில் சேருங்கள், எழுதியதைப் பகிருங்கள்" என்று ஓயாமல் சொல்பவள் நான். அதை அப்படியே நம்பியவள் சஹ்லா.

அவள் ஒலுவில் கிராமத்து மீனவர் ஒருவரின் மகள். கடல் கரையை எவ்வளவு தின்கிறது என்று ஒரு வருடமாக வாப்பாவோடு கயிறு பிடித்து அளந்து, ஓர் ஆய்வறிக்கை எழுதினாள். நான் சொன்னபடியே அதை முகநூல் குழுவொன்றில் முழுவதுமாகப் போட்டாள்.

பிறகு அதை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். நடுவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"இதே அறிக்கை வேற ஒரு ஆளுட பேரில ஏற்கெனவே இணையத்தில வந்திருக்கு டீச்சர்."

எனக்கு அவமானமாக இருந்தது. நேரே வகுப்புக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு புள்ள, இத எங்க பார்த்து எழுதின?"

சஹ்லா எழுந்து நின்றாள். "நீங்கதானே டீச்சர் குறூப்பில போடச் சொன்ன?" என்றாள்.

அன்றே அந்தக் குழுவில் தேடினேன். அவள் பதிவுதான் மற்றதைவிட முந்தியது. யாரோ அதைத் திருடியிருந்தார்கள். நடுவருக்கு எழுதினேன். முடிவு அறிவித்தாயிற்று என்று பதில் வந்தது.

சஹ்லா பாடசாலைக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். வாப்பா மட்டும் வெளியே வந்தார். திருட்டைக் கண்டுபிடித்ததை அவரிடம் சொன்னேன்.

"களவெடுத்த ஆள நினைச்சி அவள் அழல்ல டீச்சர். நீங்க கேட்டத நினைச்சித்தான் அழுறாள். இனி படிக்க வரமாட்டாளாம்."

பகிரும் முன் பெயரையும் திகதியையும் பதிந்து வைக்கும்படி இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டுவிட்ட ஒரு கேள்வியைத் திரும்பப் பெறும் வழி எனக்குத் தெரியவில்லை.