என்ஜினுக்குள் மாட்டிய கயிறு

மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அன்று பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவின் குலுக்கலுக்குத் தையல் தாங்காது, காரோடு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தக் காரோ ஒரு வாரமாக ஓடும்போதே அணைந்துகொண்டிருந்தது. டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் போய்விட்டதாம். போசரி தொழிற்பேட்டையில் இருபது வருடமாக மெஷினில் நிற்பவன்தானே என்று புதியதை வாங்கி வந்து நானே மாட்டத் தொடங்கினேன்.

என்ஜின் ஆறி, குழாயில் அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்தேன். பழையதைக் கழற்றிப் புதியதை முறுக்கி, ஒயர் பிளக்கைத் தள்ளினேன். டிக்கென்று உட்கார்ந்தது. கையை இழுத்தேன். வரவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் என் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் கயிறு, என்ஜினுக்குப் பின்னால் ஏதோ கம்பியில் மாட்டிக்கொண்டது. அவள் வீடு திரும்பும்வரை அவிழ்க்கக் கூடாத கயிறு. கம்பெனியில் மணிக்கட்டில் எதுவும் தொங்கக் கூடாது என்பதால் தினமும் அதன்மேல் டேப் சுற்றிக்கொள்வேன். அன்று லீவு. சுற்றவில்லை.

கீழ்வீட்டு மராத்தி அம்மா காய்கறிப் பையோடு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"குச் நஹி," ஒன்றுமில்லை என்றேன், என்ஜினை ஆராய்பவன்போல. போய்விட்டார். அவர் போனதும் என்மேலேயே எரிச்சல் வந்தது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவன் நான். வலது கை உள்ளே மரத்துக்கொண்டிருந்தது. குனிந்த முதுகை நிமிர்த்த முடியவில்லை. பத்தே முக்கால்.

சட்டைப் பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா? பெட்டக் காலி பண்ணச் சொல்றாங்க."

கயிறு மாட்டிக்கொண்டதைச் சொன்னேன்.

"அறுத்துடுங்க."

"நீதான அவுக்கக் கூடாதுன்ன?"

"வண்டிக்குள்ள கைய விட்டுட்டு நிப்பீங்கன்னு எனக்குத் தெரியுமா? சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது. யாரையாவது கூப்பிடுங்க. வாயத் தொறந்து."

அந்த அம்மாவின் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை எட்டிப் பார்த்தார். கத்தரிக்கோல் என்று விரல்களால் வெட்டிக் காட்டினேன். அவர் இறங்கி வந்து, மாட்டியிருந்த தொங்கலை வெட்டிவிட்டதும் கை வெளியே வந்தது.

வண்டி வழியில் ஒருமுறைகூட அணையவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் ஏறியதும் முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தாள்.

"மிச்சம் எங்க?"

"உள்ளேயே கிடக்கு. எடுக்க முடியல."

"இருக்கட்டும். வீடு போற வரைக்கும் வண்டிக்குக் கட்டினதா இருக்கட்டும்," என்றாள்.