மேலறைப் பலகைக்கு வார்னிஷ் அடித்தேன்

இன்று காலை மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போய், ஒரு ஹாட்வெயார் கடையில் வார்னிஷ் வாங்கினேன்.

எங்கள் மேலறைத் தளம் முதிரைப் பலகை. மெருகு போய், சிராம்பு கிளம்பிக் கிடந்தது.

"காலெல்லாம் குத்துது, எப்பதான் இதத் தேய்க்கப் போறீங்க?" என்று என் மனைவி வருடக்கணக்காகக் கேட்டாள்.

"ஓம், வாற நோன்புக்குள்ள செஞ்சி தாறன்" என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொன்னேன்.

அவள் மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம். போன வாரம்தான் மண்கடதாசியைக் கையில் எடுத்தேன். நான்கு நாள் முழங்காலில் நின்று தேய்த்தேன்.

கடைக்காரத் தம்பிக்கு என்னைத் தெரியாது. டின்னைப் பையில் போட்டுக்கொண்டே அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "நானா, இது பொல்லாத மணம். மதினிய ரெண்டு நாளைக்கி அவட உம்மாட ஊட்ட உட்டுப்போட்டு அடிங்க."

"அவ போயிட்டா தம்பி" என்றேன்.

"அப்ப நல்லம். வந்து பார்த்தா சந்தோசப்படுவா."

காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

லுஹர் தொழுதுவிட்டு அடிக்கத் தொடங்கினேன். முதல் பூச்சிலேயே பலகை தேன் நிறத்தில் மின்னியது. இவ்வளவு லேசான வேலையையா இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன்!

அழுதுகொண்டே அடித்ததில் ஒன்றை யோசிக்கவில்லை. வாசலில் தொடங்கி உள்ளே அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது ஜன்னல் மூலையில் குந்தியிருக்கிறேன், சுற்றிவர ஈர வார்னிஷ். காய நாலு மணித்தியாலமாம். கூப்பிட்டால் கேட்கக் கீழே ஆளில்லை.

போன் கையில் இருக்கிறது. அதுவரைக்கும் யாராவது என்னோடு ஏதாவது கதையுங்கள்.