சோலார் தகட்டின் மேல் ஒரு சாக்கு

எண்பதுகளின் கடைசியில், நெரவி வாய்க்கால் கரையில் நீர்மட்டம் பதியும் கருவி ஒன்று இருந்தது. சோலார் தகடும் பேட்டரியும் வைத்து ஓடும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. அங்கே கூட்டிப் பெருக்க ஓர் அம்மா வருவார். ஒல்லியான உடம்பு, கொண்டையில் எப்போதும் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்று செருகியிருக்கும்.

ஒரு மத்தியானம் போனபோது தகட்டின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"வெயில் படத்தானே இதை வெச்சிருக்கு? ஆபீஸ்ல சொன்னா உங்க வேலை போயிடும்."

"காலையிலேருந்து திறந்துதான் சார் விடுறேன். உச்சிக்கு வந்தா பெட்டிக்குள்ள உலை கொதிக்கிறாப்புல சத்தம் கேக்குது. மூடுனா அடங்கிடுது."

சாக்கை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பேட்டரி கொதிக்கத் தொடங்கியது. நிரம்பியதும் சார்ஜை நிறுத்த வேண்டிய ரெகுலேட்டர் எரிந்துபோயிருந்தது. அதன் வேலையை இத்தனை நாளும் சாக்குதான் பார்த்திருக்கிறது. போன மாதம் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

புது ரெகுலேட்டர் மாட்டினேன். அவர் குனிந்து பெட்டியில் காது வைத்தார்.

"இனிமே வயிறு நெறஞ்சா அதுவே போதும்னு சொல்லிடுமா சார்?"

"சொல்லிடும், அம்மா."

அடுத்த மாதம் போனேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்தச் சாக்கு மடித்து வைத்திருந்தது. நம்பாதது ரெகுலேட்டரையா, என்னையா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.